மூன்று மாதச் சான்றிதழை நம்பி ஸ்கின் கிளினிக் திறக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 28 வயது. ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். எம்பிபிஎஸ் முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டராக இருக்கிறேன். முதுநிலை நீட் இரண்டு தடவை எழுதியும் நினைத்த இடம் கிடைக்கவில்லை. நைட் டூட்டி, அவசரப் பிரிவு, நோயாளியோடு வந்தவர்கள் சட்டையைப் பிடிப்பது எல்லாம் சலித்துவிட்டது. அழகியல் மருத்துவத்தில் மூன்று மாத ஃபெல்லோஷிப் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டணம் மூன்றரை லட்சம். போடாக்ஸ், ஃபில்லர், லேசர், முடி நடவு எல்லாம் சொல்லித் தருவார்களாம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மாமாவுக்கு ஒரு மாடி காலியாகக் கிடக்கிறது, லோன் போட்டு லேசர் மெஷின் வாங்கி அங்கேயே கிளினிக் வைத்துவிடலாம் என்கிறார். அப்பாவோ, "முகத்துக்குக் கிரீம் தடவவாலே ஒன்ன டாக்டருக்குப் படிக்க வச்சேன்" என்கிறார். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசும் என் படிப்பில் இருக்கிறது, அதனால் தப்பான முடிவு எடுத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. இது நல்ல வழிதானா?

பதில்: தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அழகியல் மருத்துவம் நல்ல துறை, டாக்டர்கள் தாராளமாக வரலாம். ஆனால் அந்த மூன்று மாதப் படிப்பு வழியாக வராதீர்கள். லோன் போட்டு லேசர் வாங்குவது வேண்டவே வேண்டாம். நான் பாளையங்கோட்டையில் தோல் மருத்துவராக இருக்கிறேன், என் ஓபிக்கு வருகிறவர்களில் நல்ல பங்கு பேர் வேறெங்கோ முகத்தில் எதையோ செய்துகொண்டு, அது கெட்டுப்போன பிறகு துப்பட்டாவால் மூடிக்கொண்டு வருகிறவர்கள். அவர்களுக்குச் செய்தவர்களில் டாக்டர்களும் உண்டு. கெட்ட எண்ணத்தில் செய்தவர்கள் இல்லை, ஊசி போடக் கற்றுக்கொண்டு தோலைக் கற்றுக்கொள்ளாதவர்கள். நீங்களும் அந்த வரிசையில் போய் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அப்பா விஷயம். அவர் மேல் வருத்தப்படாதீர்கள், ஆனால் அவர் சொல்வது சரியில்லை. போடாக்ஸ் என்று ஊரே சொல்கிற மருந்து அழகுக்காக வந்ததே இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர், மாறுகண்ணை ஆபரேஷன் இல்லாமல் சரிபண்ண வழி தேடியபோதுதான் பாட்டுலினம் நச்சைத் துளித்துளியாகத் தசையில் ஏற்றிப் பார்த்தார். 1989-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததும் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும்தான். அப்புறம் கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற இன்னொரு கண் டாக்டர், இமை இழுப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் புருவ நடுவில் இருந்த சுருக்கமும் மறைவதைக் கவனித்தார். தோல் டாக்டரான தன் கணவர் அலஸ்டேரோடு சேர்ந்து 1992-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். சுருக்கத்துக்கென்று அமெரிக்க அனுமதி வரும்போது 2002 ஆகிவிட்டது. நோயைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் பட்டுத்தான் இந்தத் துறையே பிறந்திருக்கிறது. அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நோயைப் பார்க்கத் தெரிந்த பிறகுதான் நானும் இதில் இறங்குவேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏனென்றால் அவர் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது.

விளம்பரத்தில் காட்டுகிற ஆட்கள் வேறு, நம்ம ஊரில் மாடி ஏறி வரப்போகிறவர்கள் வேறு. வண்ணார்பேட்டையில் கிளினிக் வைத்தால் நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி கேட்டு வருகிறவர்கள் மாதத்தில் சிலர் இருக்கலாம். மற்றவர்கள் எல்லாம் முகப்பரு, மங்கு, பொடுகு, முடி கொட்டுதல், மரு, பாலுண்ணி, தாடையில் முடி, கழுத்துக் கருப்பு, தழும்பு என்றுதான் வருவார்கள். இதில் கழுத்துக் கருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலேஜ் படிக்கிற பெண்ணை அம்மா கூட்டிக்கொண்டு வருவார், "எவ்வளவு தேய்ச்சுக் குளிச்சாலும் போகமாட்டேங்கு, ஒரு லேசர் அடிச்சு விடுங்க" என்பார். அது அழுக்கு இல்லை. கழுத்து மடிப்பில் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கருத்திருந்தால் பெரும்பாலும் உள்ளே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எடை எவ்வளவு, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று கேட்க வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும். தாடையில் முடி முளைத்திருக்கிறது என்று வருகிறவளுக்கும் அப்படித்தான், சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்காமல் லேசரைக் கையில் எடுத்தால் ஒரு பக்கம் நீங்கள் எடுத்துக்கொண்டே இருப்பீர்கள், இன்னொரு பக்கம் அது முளைத்துக்கொண்டே இருக்கும். கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது என்று அழுதுகொண்டு வருகிறவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் டெங்குவோ டைபாய்டோ பிரசவமோ நடந்திருக்கும், அது பெரும்பாலும் தானாகவே திரும்பி வளரும். இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்துவிட்டு, பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டிய ஆள் அவர். ரத்தம் எடுத்து மெஷினில் சுற்றிப் பிரித்து, அதைத் தலையில் ஊசியாகக் குத்துகிற பேக்கேஜை அவரிடம் விற்கக் கூடாது.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. முகத்திலோ கையிலோ வெளிறிய ஒரு தேமல். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் தேமல் என்று ஒரே பெயர்தான். அதில் ஒன்று பூஞ்சையாக இருக்கும், ஒன்று குழந்தைகளுக்கு வருகிற சாதாரண வெளிறல், ஒன்று வெண்புள்ளியின் ஆரம்பம், ஒன்று தொழுநோயாக இருக்கும். தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று 2005 கடைசியில் அறிவித்தார்களே தவிர நோய் ஒழிந்துவிடவில்லை, இன்றைக்கும் புதிதாக வருகிறார்கள். பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து, முழங்கையில் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் அந்த இடத்தில் பீல் (மேல்தோலை உரிக்கிற அமிலப் பூச்சு) போட்டு, நிறம் வரக் கிரீம் கொடுத்து ஆறு மாதம் ஓட்டிவிட்டால் அந்த ஆளுக்கு விரல் மடங்கிப்போகலாம். காலத்தில் கொடுத்தால் அரசாங்கம் இலவசமாகத் தருகிற மாத்திரையில் தீர்ந்துபோகிற நோய் அது. மூன்று மாதப் படிப்பில் இதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

கிரீம் கதையும் சொல்ல வேண்டும். மெடிக்கலில் போய் முகத்துக்கு ஒரு ட்யூப் கொடுங்க என்றால் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்தது. டாக்டர் கண்காணிப்பில் மங்குக்குச் சில வாரம் மட்டும் போட வேண்டிய மருந்தை வருஷக்கணக்கில் பவுடர் மாதிரி பூசிக்கொள்கிறார்கள். முதல் மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பரு வெடித்து, பூனைமுடி வளர்ந்து, வெயிலில் நின்றால் எரிந்து, நிறுத்தினாலோ இன்னும் மோசமாகி வருவார்கள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கடையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சிலர் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த டப்பாவைக் காட்டுவார்கள், என்ன கலந்திருக்கிறது என்று ஒரு எழுத்து இருக்காது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் இப்படி வெளுக்கும் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோய் வந்ததைக் கோட்டக்கல் டாக்டர்கள் 2023 வாக்கில் கண்டுபிடித்துச் சொன்னார்கள், காரணம் அந்தக் கிரீமில் இருந்த பாதரசம். இப்படி ஒருவர் வந்தால் கிரீமை நிறுத்தி, சிறுநீர் பரிசோதித்து, மாதக்கணக்கில் பொறுமையாகப் பேசித் தேற்ற வேண்டும். அதில் உங்களுக்குக் கிடைப்பது கன்சல்டேஷன் பீஸ் மட்டும்தான், மெஷினுக்கு வேலையே இல்லை. அதே ஆளிடம் "குளூட்டாதயோன் ட்ரிப் போட்டால் வெளுத்துவிடும்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குகிற இடங்களும் இருக்கின்றன. நிறம் வெளுப்பதற்கென்று அந்த ஊசிக்கு அங்கீகாரம் கிடையாது. எவ்வளவு பேர் கேட்டாலும், பக்கத்துத் தெருவில் போடுகிறார்கள் என்று சொன்னாலும், அதை மட்டும் கையால் தொடாதீர்கள். கறுப்பாகப் பிறந்த பெண்ணிடம் உன் நிறம் ஒரு நோய் என்று ஒரு டாக்டர் சொல்லக் கூடாது.

சரி, லேசருக்கு வருவோம். 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் ஒரு கொள்கையைச் சொன்னார்கள். சரியான அலைநீளத்தில், சரியான நேர அளவுக்கு மட்டும் ஒளியைப் பாய்ச்சினால் இலக்கு மட்டும் சூடாகி அழியும், சுற்றியிருக்கிற தோல் தப்பிக்கும். இன்றைக்கு இருக்கிற தோல் லேசர்களில் பெரும்பாலானவை அதை வைத்துத்தான் ஓடுகின்றன. முடி எடுக்கிற லேசருக்கு இலக்கு முடியில் இருக்கிற மெலனின் என்ற நிறமி. ஆனால் அதே மெலனின் நம் மேல்தோலிலும் நிறைய இருக்கிறதே. தோலை வெளுப்பிலிருந்து கறுப்புவரை 1 முதல் 6 என்று பிரிக்கிற ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நம் ஆட்கள் பெரும்பாலும் 4, 5. வெள்ளைத் தோலுக்கு நன்றாக வேலை செய்கிற 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரை அதே அளவில் நம் ஆள் மேல் அடித்தால் முடியோடு தோலும் வேகும். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் நமக்குப் பாதுகாப்பானது, 810 டயோடு லேசர் அளவும் குளிரூட்டலும் தெரிந்து செய்தால் சரி. வெந்த இடம் ஆறினாலும் கருப்பாகத்தான் ஆறும், அந்தக் கருப்பு போக மாதங்கள், சில நேரம் வருஷம். மங்குக்கு லேசர் அடித்து முதலில் வெளுத்துப் பிறகு முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பி வருவதும் உண்டு. இதையெல்லாம் மெஷின் விற்க வருகிற ஆள் சொல்லமாட்டார். அவர் அரை நாள் வந்து பட்டன் எது என்று காட்டிவிட்டுப் போய்விடுவார்.

முகத்தில் பள்ளத்தை நிரப்பப் போடுகிற ஜெல் ஊசியான ஃபில்லரைப் பற்றி இரண்டு வரி எழுதி நிறுத்த மனசு வரவில்லை. ஹயலூரானிக் அமிலம்தானே, பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம் என்று வகுப்பில் சொல்வார்கள். கரைக்கலாம், உண்மைதான், ஹயலூரானிடேஸ் ஊசி இருக்கிறது. ஆனால் மூக்கின் மேலும் புருவ நடுவிலும் ஓடுகிற தமனிகள் கண்ணுக்குப் போகிற தமனியோடு தொடர்புள்ளவை. ஊசிமுனை ஒரு தமனிக்குள் போய், அழுத்தத்தில் ஜெல் பின்னோக்கிப் போனால் விழித்திரைக்கு ரத்தம் நின்றுவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விழித்திரை தாங்காது என்றுதான் எங்களுக்குப் பாடம், அதற்குள் செய்தாலும் பார்வை திரும்பும் என்று உறுதி கிடையாது. தோலுக்குப் போகிற குழாய் அடைத்தால் அந்த இடம் முதலில் வெளிறும், பிறகு வலை மாதிரி நீலம் பாயும், கவனிக்காவிட்டால் செத்து உதிரும். முகத்தில் ஒரு குறையும் இல்லாமல் வந்த ஒரு மனுஷிக்கு இது நடக்கும். ராத்திரி 11 மணிக்கு அவர் போன் பண்ணி "இந்த இடம் வெளுத்து வலிக்கு டாக்டர்" என்றால், அது என்ன என்று போனிலேயே புரிந்துகொண்டு ஓடிவரத் தெரிந்தவர் மட்டும்தான் அந்த சிரிஞ்சைப் பிடிக்கலாம். முடி நடவும் இப்படித்தான், அது ஆபரேஷன், மணிக்கணக்கில் மரப்பு மருந்து ஏற்றிச் செய்வது. 2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு இளைஞர் இறந்தே போனார். அவர் மருத்துவக் கல்லூரி மாணவர், கடைசி வருஷம்.

இங்கே உங்களிடம் ஒரு பலம் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. சலித்துவிட்டது என்கிறீர்களே அந்த அவசரப் பிரிவு, மூச்சுத் திணறி வருகிறவருக்கு அட்ரினலின் போடவும், குழாய் இறக்கவும், பிரஷர் விழுந்தவரைத் தூக்கி நிறுத்தவும் அது உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஊசி அலர்ஜியாகி ஆள் சரிகிற நேரத்தில் கை நடுங்காமல் இருக்கிற டாக்டர் இந்தத் துறைக்கு ரொம்ப வேண்டும்.

ஆனால் சட்டையைப் பிடிக்கிறார்கள் என்பதற்காக இங்கே ஓடிவராதீர்கள். இங்கேயும் பிடிப்பார்கள். நோயோடு வந்தவர் ஓரளவு தாங்கிக்கொள்வார், நன்றாக இருந்த முகத்தைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டவர் தாங்கமாட்டார், அதிலும் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது. தை, ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் வருகிற கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். முடி எடுக்கும் லேசர் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறேழு தடவை செய்ய வேண்டியது, அவர்கள் வருவதோ பந்தல்கால் நட்ட பிறகு. ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஆள் எடுக்கிறார்கள் என்றால் கையில் பச்சை குத்திய பையன்கள் அடுத்த வாரம் செலக்‌ஷன் என்று வந்து நிற்பார்கள், அந்த மையை எடுக்கவும் மாதக்கணக்காகும். "இப்போது முடியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் இந்த வேலையில் பாதி. மாசம் மெஷின் தவணை கட்ட வேண்டியவருக்கு அந்த வார்த்தை வாயில் வராது. லோன் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். எம்பிபிஎஸ் பதிவு இருக்கிற நீங்கள் தோல் வியாதிக்கு மருந்து எழுதலாம், அதில் தடை இல்லை. ஆனால் 2002-ஆம் வருஷத்து மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, ஒரு பிரிவில் தனித் தகுதி இல்லாதவர் அந்தப் பிரிவின் ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. விளம்பரம் பண்ணி நோயாளி பிடிப்பதும் அதே விதிகளில் குற்றம், சிகிச்சைக்கு முன் பின் என்று போட்டோ போட்டு ஆள் கூப்பிடுகிறார்களே, அதெல்லாம் இதில் வரும். முடி நடவையும் அழகியல் அறுவைச் சிகிச்சைகளையும் முறையான பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும், பட்டறையில் உட்கார்ந்து பார்த்ததோ யூடியூப் பார்த்ததோ பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லியிருக்கிறது. அப்புறம் கிளினிக்கை 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி ஜேடி (மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீசில் பதிய வேண்டும், ஊசிக் குப்பைக்கு ஏற்பாடு வேண்டும். காசு வாங்கிச் செய்கிற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒரு வழக்கு வந்தால் முதலில் கேட்கிற கேள்வி, இதைச் செய்ய உங்களுக்கு எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் பயிற்சி என்பதுதான். மூன்று மாதச் சான்றிதழ் அங்கே உங்களைக் காப்பாற்றாது.

பண விஷயத்தில் ஒரே ஒரு கணக்கு. போடாக்ஸ் குப்பி 50 அல்லது 100 யூனிட்டாக வரும், 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், கரைத்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது லேபிள். புருவ நடுச் சுருக்கத்துக்கு ஒருவருக்குப் போவது 20 யூனிட். அன்றைக்கு ஒரே ஆள்தான் வந்தார் என்றால் மிச்சத்தை என்ன செய்வீர்கள்? சென்னையில் ஒரே நாளில் ஐந்து பேரைச் சேர்த்து உட்கார வைத்துவிடுவார்கள், வண்ணார்பேட்டையில் புதிதாகத் திறந்தவருக்கு அது நடக்காது. பெரிய ஊரின் விலைப்பட்டியலைப் பார்த்து வருமானக் கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் உதவி மருத்துவர் தேர்வுக்குப் படிப்பேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தால் சம்பளம் நிலையாக வரும், நைட் டூட்டியின் பாரம் குறையும், சுற்றுவட்டாரத்துத் தோல் வியாதி முழுக்க உங்கள் மேஜைக்கே வரும். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, மாநிலங்கள் அப்படிக் கொடுக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எம்டி தோல் மருத்துவம் கவுன்சலிங்கில் சீக்கிரமே தீர்ந்துபோகிற இடம், மறைக்கவில்லை. அந்த ஒதுக்கீட்டில் உங்களுக்கு ஒரு கதவு கூடுதலாகத் திறக்கிறது. டிஎன்பி (எம்டிக்குச் சமமான முதுநிலைப் படிப்பு) வழியும் இருக்கிறது.

அது எதுவும் அமையவில்லை என்றாலும் அழகியல் மருத்துவம் மூடிப்போய்விடாது. ஒரு நல்ல தோல் டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ உதவியாளராகச் சேருங்கள், மாதக் கணக்கில் யோசிக்காதீர்கள், வருஷக் கணக்கில் யோசியுங்கள். சம்பளம் முதலில் கம்மியாகத்தான் இருக்கும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை பார்க்கிறது, தோலைப் பெரிதாக்கிக் காட்டுகிற டெர்மோஸ்கோப் வைத்துப் பார்க்கிறது, எந்தத் தழும்பு புடைத்து வளர்கிற கெலாய்டாக மாறும் என்று கணிக்கிறது, இதிலிருந்து தொடங்குங்கள். பிறகு மரு, பாலுண்ணி சுடுவது, கெலாய்டுக்குள் ஊசி போடுவது, லேசான பீல். காது தைப்பதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். பாம்படம் போட்டு வளர்த்த காதோடு இருக்கிற ஆச்சிகள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள், கனமான கம்மல் போட்டு ஓட்டை கிழிந்த பெண்கள் அதைவிட அதிகம். மரப்பு ஊசி போட்டு முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. பேத்தி கல்யாணத்துக்குக் கம்மல் போட்டுக்கொண்டு போகலாம் என்ற சந்தோஷத்தில் ஒரு ஆச்சி கண்ணாடியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், இது டாக்டர் வேலையா என்ற கேள்வியே வராது. இதற்கு லட்சக்கணக்கில் மெஷின் எதுவும் வேண்டாம், நல்ல கையும் நல்ல ஆசிரியரும் போதும். போடாக்ஸும் லேசரும் அதற்கப்புறம், பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க. ஃபில்லர் எல்லாவற்றுக்கும் கடைசி. முடி நடவு, முறையான அறுவைப் பயிற்சி இல்லாமல் எப்போதும் இல்லை.

எங்கேயாவது குறுகிய காலப் படிப்பில் சேர்ந்தே தீருவேன் என்றால், பணம் கட்டுகிறதுக்கு முன்னால் சிலதைக் கேளுங்கள். சொல்லிக் கொடுக்கிறவரின் பட்டம் என்ன, மருத்துவக் கவுன்சிலில் பதிவாகியிருக்கிறதா? என் கையால் எத்தனை நோயாளிக்குச் செய்ய விடுவீர்கள், அவர்கள் திரும்பி வரும்போது நானும் பார்க்கலாமா? கெட்டுப்போன கேஸ்களைக் காட்டுவீர்களா? ஒரு வருஷம் கழித்து எனக்கு ஒரு சிக்கல் வந்தால் போன் எடுப்பீர்களா? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் சீட் முடியப்போகிறது, இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாமாவிடம் மாடியை வேறு யாருக்காவது வாடகைக்கு விடச் சொல்லிவிடுங்கள், அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், நாலைந்து வருஷம் கழித்துப் பேசிக்கொள்ளலாம். அம்மா சேர்த்த காசையும் உங்கள் பெயரில் லோனையும் இதில் இறக்காதீர்கள். இந்த மாதமே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) தோல் பிரிவுத் தலைவரைப் போய்ப் பாருங்கள், விஷயத்தை உள்ளபடி சொல்லி, காலை ஓபியில் சில வாரம் நின்று பார்க்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். அரிப்பும் படையும் சிரங்குமாக வரிசையில் நிற்கிற அந்தக் கூட்டத்தில் நாலு மணி நேரம் நின்ற பிறகும் அடுத்த ஆளின் கையைத் திருப்பிப் பார்க்க ஆசை இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நைட் டூட்டி முடித்த கையோடு அங்கே போகாதீர்கள் தம்பி, தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டு, டூட்டி இல்லாத நாளில் போங்கள்.